பேருந்தில் நடந்தாலும் அது ராகிங்தான்

வடசென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய வகுப்பு நண்பர் தன்பாலீர்ப்பாளர். அது இவருக்கும் இன்னொரு தோழிக்கும் மட்டும்தான் தெரியும், நண்பரின் வீட்டுக்குத் தெரியாது. ஆனால் நடையையும் பேச்சையும் பார்த்தே சீனியர்கள் சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். காலையில் தண்டையார்பேட்டையில் பஸ் ஏறினால் படிக்கட்டில் கைதட்டல் ஆரம்பிக்கும். பஸ்ஸின் தகரத்தில் தாளம் தட்டி, நண்பரின் பெயரை வைத்துக் கானா கட்டுவார்கள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் ‘ஒம்போது’ என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். போன மாதம் ஒருநாள் அவர் பையைப் பிடுங்கி ஓடுகிற பஸ்ஸிலிருந்து வெளியே வீசினார்கள். கண்டக்டர் விசில் ஊதியதோடு சரி. நண்பர் இப்போது பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வருகிறார், பல நாள் வருவதே இல்லை. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

பொறுக்காமல் இவரும் வகுப்பில் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து, தன்பாலீர்ப்பாளர்களும் மற்றவர்களும் ஒன்றாக இருக்கும் மாணவர் மன்றம் தொடங்கக் கல்லூரி முதல்வரிடம் மனு கொடுத்தார்கள். அவர் சொன்ன பதில்: “2023ல சுப்ரீம் கோர்ட்டே இதெல்லாம் முடியாதுன்னு சொல்லிடுச்சு. சரி, அப்படிப்பட்ட பசங்க யார் யாருன்னு லிஸ்ட் கொடுங்க, பேரண்ட்ஸ் கையெழுத்தோட. அப்புறம் பார்க்கலாம்.” காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் இவருடைய அப்பாவோ, “அக்காவுக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம், நீயும் அப்படித்தான்னு பேசுவாங்க” என்று தடுக்கிறார். இவருக்கு எஸ்.ஐ. தேர்வு எழுதும் ஆசை வேறு இருக்கிறது.

கேட்டிருப்பது நான்கு. மன்றம் எங்கள் உரிமைதானே, மறுத்தால் வழக்குப் போடலாமா? நண்பரையே தலைவராக்கினால் வலு கூடுமா? பஸ்ஸில் எடுத்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் போடலாமா? இதனால் போலீஸ் வேலைக்குச் சிக்கல் வருமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மன்றம் தொடங்க முதல்வரின் சம்மதம் வேண்டும். உங்கள் நண்பர் நிம்மதியாகக் கல்லூரிக்கு வர யார் சம்மதமும் வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்வது கல்லூரியின் கடமை. நீங்கள் முதலாவதை வாங்கிய பிறகுதான் இரண்டாவது என்று நினைத்துக் காத்திருக்கிறீர்கள். இரண்டாவதை இந்த வாரமே தொடங்கலாம்.

முதல்வர் சொன்ன சட்டம்

அவர் இரண்டு தீர்ப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்த இருவர் மனமொப்பி உறவு கொள்வது இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றம் ஆகாது என்று சொன்னது. 2023 அக்டோபர் 17ஆம் தேதி சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது திருமண உரிமையையும் அதையொட்டிக் கேட்ட இணைவு, தத்தெடுப்பு உரிமைகளையும்தான். 2018 தீர்ப்பில் அது கைவைக்கவில்லை. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 377க்கு இணையான பிரிவே கிடையாது. (அதனால் ஆண்மீது நடக்கும் பாலியல் வன்முறைக்குத் தனிப் பிரிவு இல்லாமல் போனது வேறு கதை. அது சரியில்லை என்பது என் கருத்து.)

சென்னை உயர் நீதிமன்றம் இதில் பல படி முன்னால் போயிருக்கிறது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் தொடர்ந்த சுஷ்மா வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் தேதி இடைக்கால உத்தரவு போட்டார். தீர்ப்பு எழுதும் முன் தாமே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டவர் அவர். போலீஸ், சிறை, மருத்துவர்களோடு பள்ளி, கல்லூரிகளுக்கும் அதில் வழிகாட்டுதல் உண்டு. பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைப்பது, இந்த மாணவர்களின் குறையைக் கேட்கத் தெரிந்த ஆலோசகரை வைப்பது எல்லாம் சொல்லப்பட்டிருக்கின்றன. முதல்வரிடம் அந்த உத்தரவின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். ‘உங்களுக்குச் சட்டம் தெரியவில்லை’ என்கிற தொனி மட்டும் வேண்டாம். பல முதல்வர்கள் வெறுப்பினால் மறுப்பதில்லை, நிர்வாகத்துக்கும் பத்திரிகைக்கும் பயந்துதான் மறுக்கிறார்கள். காகிதத்தில் ஒரு நீதிமன்ற உத்தரவு இருந்தால் அவருக்கும் நிர்வாகத்திடம் காட்ட ஒன்று கிடைக்கும்.

லிஸ்ட் விஷயத்தில் மட்டும் இறங்கிவராதீர்கள். ஒருவரின் பாலின ஈர்ப்பு அவருடைய அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு பட்டியலைக் கேட்க கல்லூரிக்கு அதிகாரம் இல்லை, கொடுக்க உங்களுக்கும் இல்லை.

பஸ்ஸில் நடந்தது

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2009இல் ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அட்மிஷன் சமயத்தில் நீங்களும் உங்கள் அப்பாவும் படிக்காமலே ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே, அது இதன்படிதான். அந்தச் சீனியர்களும் போட்டிருக்கிறார்கள். ராகிங் என்றால் முதலாண்டு மாணவரைச் சீனியர் படுத்துவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். 2016 ஜூனில் அதில் ஒரு திருத்தம் வந்தது. நிறம், மதம், சாதி, பாலினம், பாலின ஈர்ப்பு, தோற்றம், பிறந்த இடம், வசிக்கும் இடம், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றை வைத்து எந்த மாணவரையும், அவர் புதியவரோ பழையவரோ, உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங். எனவே உங்கள் நண்பர் இரண்டாம் ஆண்டு என்பது ஒரு தடையே இல்லை.

கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் என்ன செய்வது என்று கல்லூரியில் கேட்பார்கள். மாணவர்கள் படிக்க வந்துபோகும் போக்குவரத்துக்கும், அது அரசு வண்டியோ தனியார் வண்டியோ, இந்த ஒழுங்குமுறை பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மாநகரப் பேருந்தின் படிக்கட்டும் அதில் அடக்கம். பஸ் ரூட்டுக்கு ஒரு மாணவர் தலைவன் என்று கூட்டம் சேர்த்துச் செய்யும் ‘ரூட்டு தல’ கலாட்டாவைக் காலேஜ் பசங்க விளையாட்டு என்று பல வருடமாக ஒதுக்கிவிட்டுப் போனதால், அதற்குள் நடக்கிற இந்தக் கொடுமையும் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

இப்போது புகாரை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். ‘என் நண்பர் தன்பாலீர்ப்பாளர்’ என்று ஒரு வரிகூட வேண்டாம். “பாலின ஈர்ப்பையும் தோற்றத்தையும் சொல்லி, இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன நிறுத்தத்துக்கும் இன்ன நிறுத்தத்துக்கும் நடுவில் இழிவுபடுத்தினார்கள், பையைப் பிடுங்கி வீசினார்கள்” என்றால் போதும். அவர் உண்மையில் யார் என்பது இந்தப் புகாருக்குத் தேவையே இல்லை. யாராவது கேட்டால், “அது கேள்வியே இல்லை சார், செய்தது என்ன என்பதுதான் கேள்வி” என்று சொல்லுங்கள். பாட்டின் வரிகளை மழுப்பாமல் அப்படியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தை பேசினார்கள்’ என்று எழுதுகிற புகார்தான் பாதி கல்லூரிகளில் ஃபைலுக்குள் தூங்குகிறது.

கொடுக்க வேண்டிய இடம் உங்கள் கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு. நேரில் தயக்கமாக இருந்தால் தேசிய உதவி எண் 1800-180-5522. பார்த்தவர் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம், பாதிக்கப்பட்டவர்தான் தர வேண்டும் என்பதில்லை. இங்கேதான் உங்களைப் போன்ற நண்பர்களின் பயன். மனுவில் எட்டுப் பேர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால், ஒருவனை மட்டும் தனியே இழுத்து மிரட்டுவது கஷ்டம்.

ஆனால் அவரைக் கேட்காமல் ஒரு தாளையும் நகர்த்தாதீர்கள். புகார் போனதும் கல்லூரிகள் முதலில் செய்வது பெற்றோரைக் கூப்பிடுவதுதான். அதனால் “பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பியவர், அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் குடும்பத்தாரைத் தொடர்புகொள்ள வேண்டாம்” என்று மனுவிலேயே கேளுங்கள். அட்டெண்டன்ஸ் குறைந்த காரணத்தையும் எழுதி, கண்டோனேஷன் (அட்டெண்டன்ஸ் குறைவைப் பொறுத்துத் தேர்வெழுத விடுவது) தரும்படி இதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். நடந்தது குற்றம் என்று குழு கருதினால், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிவுசெய்ய வேண்டிய பொறுப்பு கல்லூரித் தலைமைக்கு உண்டு. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து 1997இல் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது. அந்தச் சீனியர்களும் உங்கள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்களாகக்கூட இருக்கலாம். அவர்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. புகார் கையை விட்டுப் போன பிறகு வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது என்பதை நண்பர் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். பையை வீசிய அளவுக்குப் போனபின் புகார் கொடுப்பதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் அந்த பஸ்ஸில் நாளைக்கு ஏறப்போவது நான் இல்லை.

மன்றம் உரிமையா?

நீங்கள் இணையத்திலிருந்து எடுத்து இணைத்திருந்த மாதிரி விண்ணப்பம் அமெரிக்காவுடையது. ‘மறுத்தால் நீதிமன்றம் போவோம்’ என்கிற வாசகம் அங்கே செல்லும். 1988இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் அகாடமி என்ற பள்ளியில் கெவின் ஜென்னிங்ஸ் என்ற வரலாற்று ஆசிரியரிடம் ஒரு மாணவி வந்தாள். அவள் தன்பாலீர்ப்பாளர் இல்லை, அவளுடைய அம்மாதான் அப்படி. கேலி தாங்கவில்லை, நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்றாள். இரு தரப்பும் சேர்ந்த மாணவர் கூட்டமைப்பு என்கிற பெயரும் வழக்கமும் பரவ அதுதான் காரணம். 1984இல் அங்கே ஒரு மத்தியச் சட்டம் வந்திருந்தது: அரசுப் பள்ளி ஒன்று பாடத்துக்கு வெளியே ஒரு மாணவர் மன்றத்தை அனுமதித்தால், கருத்துப் பிடிக்கவில்லை என்று இன்னொன்றை மறுக்கக் கூடாது. பள்ளியில் ஜெபக் கூட்டம் நடத்த விரும்பியவர்களுக்காகக் கொண்டுவந்த சட்டம் இந்தப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. அப்படியும் சால்ட் லேக் நகரத்தில் 1996இல் என்ன செய்தார்கள் தெரியுமா? இந்த ஒரு மன்றத்தைத் தடுப்பதற்காகப் பாடத்தோடு சேராத எல்லா மன்றங்களையுமே மூடினார்கள். மறுபடி திறக்க 2000 ஆகிவிட்டது.

இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவில் இருக்கிறது, நீங்கள் எட்டுப் பேர் கூடிப் பேசுவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கல்லூரியின் பெயரும் அறையும் நோட்டீஸ் போர்டும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்த அந்தப் பிரிவு போதாது. அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரி என்றால், மற்ற மன்றங்களுக்குக் கொடுத்துவிட்டு இதற்கு மட்டும் மறுப்பது பாகுபாடு என்று ரிட் மனு போட வாதம் இருக்கிறது. முழுக்கத் தனியார் கல்லூரி என்றால் அது பலவீனம். எப்படியானாலும் வழக்கு முடிவதற்குள் நீங்கள் டிகிரி வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏற்கெனவே உள்ள ஒன்றுக்குள் நுழைவேன். என்.எஸ்.எஸ். இருக்கிறது, மாணவர் ஆலோசனை மையம் இருக்கிறது, ராகிங் தடுப்புக்கே மாணவர் பங்கு உண்டு. ‘கேலி இல்லாத வளாகம்’ என்று ஒரு கூட்டம் கேட்டால் எந்த முதல்வரும் யோசிக்க மாட்டார். சாதியைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, ‘ஹவுசிங் போர்டு’ என்று ஏரியாவைச் சொல்லிக் கேலி பண்ணுவதெல்லாம் அதே 2016 திருத்தத்தில் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. வியாசர்பாடி என்று சொன்னதும் எதிராளியின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் பாடம் எடுத்துப் புரியவைக்க வேண்டியதில்லை. ரெட் ரிப்பன் கிளப்புக்குள் மட்டும் போய் ஒதுங்காதீர்கள். அது நல்ல அமைப்புதான், ஆனால் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கானது. தன்பாலீர்ப்பு என்றாலே நோய் என்று நினைப்பவர்களுக்கு நீங்களே அவல் கொடுத்ததாகிவிடும்.

எழுதிக் கொடுத்த மனுவுக்கு எழுத்தில் பதில் வராவிட்டால், யு.ஜி.சி.யின் 2023 ஒழுங்குமுறைப்படி கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போங்கள். 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நண்பரைத் தலைவராக்காதீர்கள்

உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் அதன் விலையைக் கொடுக்கப்போவது அவர். இந்த மாதிரிக் கூட்டணியில் யார் எவர் என்று கேட்காமலே எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம், அதன் பலமே அதுதான். நீங்கள் மன்றத்தில் இருப்பதைப் பார்த்து ‘இவனும் அப்படித்தானா?’ என்று கேட்பார்கள். ‘இல்லை, நான் அப்படி இல்லை’ என்று அவசரமாகப் பதில் சொன்னீர்களானால், பக்கத்தில் பதில் சொல்லாமல் இருப்பவரைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். உங்களில் எட்டுப் பேரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று முதல் நாளே முடிவெடுங்கள்.

கையெழுத்து, மைக், முதல்வர் அறை ஆகியவை உங்கள் வேலை. எதைக் கேட்பது, எவ்வளவு தூரம் போவது, எங்கே நிறுத்துவது என்பதில் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும். பெரிய வாட்ஸ்அப் குழு வேண்டாம், சேர்ந்த மறுநிமிடம் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள்.

எவ்வளவு பார்த்து நடந்தாலும் வீட்டுக்குத் தெரிந்துவிட வாய்ப்பிருக்கிறது. அதற்கு இப்போதே தயாராகுங்கள்: ஓரிரு நாள் தங்க ஒரு வீடு, ஆதாருக்கும் மார்க்‌ஷீட்டுக்கும் நகல். ‘குணப்படுத்துகிறேன்’ என்று மாத்திரையும் ஊசியும் போடும் மருத்துவரிடம் கூட்டிப்போனால், அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது. அடைத்துவைத்தால் 112க்கு அழையுங்கள், நண்பர் என்ற முறையில் நீங்கள் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். மனது மிகவும் சோர்ந்துபோய் ‘இனி வேண்டாம்’ என்கிற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

வீடியோ

போடாதீர்கள். அதில் சீனியர்களின் முகத்தோடு உங்கள் நண்பரின் முகமும் பெயரும் இருக்கின்றன, பாட்டும் இருக்கிறது. பஸ்ஸில் நாற்பது பேர் கேட்டதை ஊரே கேட்கும். உங்கள்மீது அவதூறு வழக்கு வேறு வரலாம். எடிட் செய்யாமல், எடுத்த போனிலேயே வைத்திருங்கள், ஒரு நகலைப் பென் டிரைவில் போட்டுப் புகாரோடு கொடுங்கள். இதைக் காட்டி யாராவது நண்பரை மிரட்டிப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். ஒரு பைசா கொடுக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எஸ்.ஐ. வேலையும் வீடும்

மன்றத்தில் இருந்ததற்காகப் போலீஸ் வேலை போகாது. ஆனால் எஃப்.ஐ.ஆர். வேறு விஷயம். தமிழ்நாடு காவல் பணிக்கான விதிகள் கடுமையானவை, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் பார்க்கும். சென்னையில் மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத கூட்டத்துக்குத் தடை உத்தரவு நீட்டிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே கேட் முன்னால் மறியல், ரோட்டில் உட்காருவது எதுவும் வேண்டாம், முக்கியமாக உங்களுக்கு. வெளியே வந்து குரல் கொடுக்க ஆசைப்பட்டால், 2009 முதல் ஜூனில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் சென்னை வானவில் பேரணிக்குப் போகலாம்.

நீங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று: 2022இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்த்தார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களையும், அவர்கள் நலனுக்காக உழைப்பவர்களையும் போலீசார் தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டாவதாகச் சொன்னதில் நீங்களும் வருகிறீர்கள். எஸ்.ஐ. ஆனால் அந்த விதி உங்களையும் கட்டுப்படுத்தும்.

அப்பாவிடம் கொள்கை பேசி ஜெயிக்க முடியாது. பையைப் பிடுங்கி வீசியதை மட்டும் சொல்லுங்கள். கடற்கரையில் ஏலம் எடுக்கிறவருக்கு, நாலு பேர் சேர்ந்து ஒருவனை அமுக்கினால் எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். அக்காவின் கல்யாணப் பேச்சு முடியும்வரை உங்கள் பெயர் போஸ்டரில் வர வேண்டாம் என்று அவர் கேட்டால், அதை ஒத்துக்கொள்ளலாம். புகாரில் கையெழுத்து போடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அட்டெண்டன்ஸ் கணக்கு செமஸ்டரோடு முடிந்துவிடும்.

வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உங்கள் எட்டுப் பேரில் அந்தத் தகுதி உள்ள ஒருவரை மனுதாரராக முன்னால் நிறுத்துங்கள். போகும்போது முதல்வருக்குக் கொடுத்த மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே பதிவுத் தபாலில் இன்னொன்று அனுப்பிவிட்டு அந்த ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள்.